வழுவழுப்பு எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

ஸ்ப்ரிங் ஏர் ரைஃபிளைப் பிரித்து ட்யூன் செய்பவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. உள்ளே இருப்பதையெல்லாம் பளபளவென்று தேய்த்து, தாராளமாக எண்ணெய் விட்டால் குண்டு வேகமாகப் பாயும் என்கிறார்கள். இதில் பாதிதான் சரி. உராய்வைக் குறைப்பதன் பெரிய பலன் சீர்மை. ஒவ்வொரு முறையும் உராய்வு ஒரே அளவில் இருந்தால்தான் குண்டும் ஒரே வேகத்தில் கிளம்பும்.

ட்ரிகரை அழுத்தியதும், அமுங்கி நின்ற ஸ்ப்ரிங் பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. பிஸ்டன் சிலிண்டரிலுள்ள காற்றை நசுக்கி, சிறு துளை வழியே குண்டின் பின்னால் அனுப்புகிறது. பிஸ்டன் ஏறக்குறைய ஓடி முடிக்கும்போதுதான் குண்டு நகரவே தொடங்கும். குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள் துப்பாக்கி முதலில் பின்னேயும், பிறகு முன்னேயும் உதைத்திருக்கும். ஆகவே பிஸ்டன் எங்கே தயங்கினாலும் அது இலக்கில் தெரிந்துவிடும்.

முதலில் கவனிக்க வேண்டியது பிஸ்டனின் பின்பகுதி. ஸ்ப்ரிங்கை அமுக்க லீவரை மடக்கும்போது பிஸ்டன் நேராக இழுபடுவதில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து சிலிண்டர் சுவரை உரசுகிறது. வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், பின்விளிம்பில் நீளவாட்டில் கீறல்கள் தெரியும். அங்கே கடின பிளாஸ்டிக் பொத்தான்களையோ வளையத்தையோ பொருத்தினால் இரும்பும் இரும்பும் உரசுவது நின்றுவிடும்.

அடுத்து, சிலிண்டரில் லீவருக்காக வெட்டிய நீள்துளையின் விளிம்பு. அதில் கொஞ்சம் பஞ்சை ஓட்டிப் பாருங்கள். எங்கே இழை மாட்டுகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது. அதைத் தேய்த்து எடுக்காமல், காற்று கசியாமல் தடுக்க பிஸ்டனின் முனையில் இருக்கும் சீல் ஒன்றைப் புதிதாகப் போட்டால், உள்ளே நுழையும்போதே அது கிழியும்.

சிலிண்டரின் உட்சுவரைக் கண்ணாடிபோல் ஆக்க வேண்டியதில்லை. குறுக்கும் நெடுக்குமான மெல்லிய வரிகள் இருந்தால்தான் கிரீஸ் படலம் அங்கே தங்கும். ஸ்ப்ரிங்குக்குள் நிற்கும் கைடும் தளர்வாக இருக்கக் கூடாது. தளர்ந்தால் ஸ்ப்ரிங் வளைந்து பிஸ்டனின் உட்புறத்தை உரசும். சுட்டதும் ‘டங்’கென்று அதிரும். இறுக்கமான கைடு கொஞ்சம் உராய்வைக் கூட்டினாலும் அதிர்வை அடக்குகிறது. அமுங்கும்போது ஸ்ப்ரிங்கின் முனைகள் சற்றே திரும்பும் என்பதால், முனைகளை மழமழப்பாக்கி வாஷர் வைப்பது நல்லது.

மசகு விஷயத்தில்தான் கை அடக்கம் தேவை. மாலிப்டினம் டைசல்ஃபைடு பேஸ்ட்டைத் தடவித் துடைத்த பிறகு சாம்பல் நிறக் கறை மிஞ்சினால் போதும். சீலுக்கு முன்னால் பெட்ரோலிய எண்ணெய் சேர்ந்தால், காற்று அமுங்கும் சூட்டில் டீசல் எஞ்சினில் போலவே பற்றிக்கொள்ளும். வேகம் திடீரென்று எகிறும், புகை வரும், நாளடைவில் சீலும் ஸ்ப்ரிங்கும் கெடும்.

தொடக்கூடாத இடமும் உண்டு. ட்ரிகரின் பிடிமுனைகளைத் தேய்த்துக் கோணத்தை மாற்றினால், துப்பாக்கி தானாக வெடிக்கும் ஆபத்து இருக்கிறது. பிரிக்கும்போதும் அமுங்கிய ஸ்ப்ரிங்கைக் கையால் தாங்க முயலக் கூடாது. அதற்கென்றே உள்ள அழுத்துகருவியில் வைத்துத்தான் கழற்ற வேண்டும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. பிரிட்டனின் பெரும்பகுதியில் ஏர் ரைஃபிளின் ஆற்றல் 12 அடி-பவுண்டை, அதாவது சுமார் 16 ஜூல் அளவைத் தாண்டினால் அதற்குத் துப்பாக்கி உரிமச் சான்று வேண்டும். எல்லையை ஒட்டி வைத்திருந்த துப்பாக்கி, உராய்வு குறைந்ததாலேயே அதைத் தாண்டக்கூடும். அப்படி மிச்சமாகும் ஆற்றலை வேகமாக்காமல், ஸ்ப்ரிங்கின் விசையைக் குறைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். லீவரை மடக்குவதும் எளிதாகும், உதையும் குறையும்.

ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் வேகமானியில் பத்து குண்டுகள் சுட்டுப் பாருங்கள். அதிக வேகத்துக்கும் குறைந்த வேகத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்கியிருந்தால் உங்கள் உழைப்பு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. வேகம் மட்டும் ஏறி இடைவெளி விரிந்திருந்தால், உள்ளே எண்ணெய் எரிகிறதா என்று முதலில் பாருங்கள்.