தூண் நிற்கலாம், குடிசை நிற்கக் கூடாதா?

சென்னையில் பறக்கும் ரயில் ஏறி மயிலாப்பூர்ப் பக்கம் போகிறவர்கள் ஒருமுறை ஜன்னல் வழியாகக் கீழே பாருங்கள். கறுத்த நீர் அசையாமல் கிடக்கும். அதுதான் பக்கிங்காம் கால்வாய். அங்கிருந்து திருவான்மியூர் வரை ரயில் பெரும்பாலும் இந்தக் கால்வாயை ஒட்டியும் அதன் மேலேயும்தான் போகிறது. தூண்கள் கரையில் மட்டுமல்ல, தண்ணீருக்குள்ளும் இறங்கி நிற்கின்றன.

இந்தக் கரையில்தான் என் அம்மா குடியிருந்தார். மந்தைவெளியில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்தார். நடந்தே போய் நடந்தே வருவார். ஒரு நாள் எங்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்றார்கள். சாமான்களோடு லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்தில் இறக்கிவிட்டார்கள். நீர்வழியில் குடியிருந்தது எங்கள் குற்றமாம். அதே நீர்வழிக்குள் கான்கிரீட் தூண்களை இறக்கிய ரயிலை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்லவில்லை. அதற்குப் பெயர் வளர்ச்சி.

இந்தக் கால்வாயை வெட்டியது யார்? சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டிய 1877-78இல், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது. கூலிக்கு மண் சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. பஞ்சத்தில் முதலில் வீழ்கிறவர் நிலமற்றவர். நிலம் யாருக்கு மறுக்கப்பட்டது என்பதை இந்த நாட்டில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பறக்கும் ரயில் 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கியது. 1997இல் மயிலாப்பூர், 2004இல் திருவான்மியூர், 2007இல் வேளச்சேரி என்று நீண்டது. அதே காலத்தில் நகரத்தின் பூர்வகுடிகளும் தெற்கே தள்ளப்பட்டார்கள். முதலில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, அதற்கும் பின் பெரும்பாக்கம். ஆற்றங்கரைகளிலிருந்தும் கால்வாய்க் கரைகளிலிருந்தும் அங்கே போய்ச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். ரயிலோ வேளச்சேரியோடு நின்றது. அதற்கு மேல் நீட்டத் திட்டமிட்டபோதும் பரங்கிமலைப் பக்கம்தான் திருப்பினார்கள். எங்கள் பக்கம் திருப்பவில்லை.

கிராமத்தில் ஊருக்கு வெளியே சேரி. இங்கே மாநகருக்கு வெளியே எட்டு மாடிச் சேரி. வேலைக்கு வா, பக்கத்தில் குடியிருக்காதே என்ற பழைய சட்டம்தான் இரண்டிலும் நடக்கிறது.

“காங்கிரீட் வீடு கொடுத்தார்களே, இன்னும் என்ன வேண்டும்?” என்று கேட்பவர்கள் உண்டு. வீடு கொடுத்தார்கள், வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே சுமார் இருபது கிலோமீட்டரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். காலை ஆறு மணிக்கு வாசல் தெளிக்க வர முடியாததால் அம்மாவுக்கு முதல் மாதமே ஒரு வீடு போனது. மீதி இரண்டு வீடுகளைக் காப்பாற்றிக் கொடுத்தது வேளச்சேரி வரைக்கும் ஒரு பேருந்தும், அங்கிருந்து இந்த ரயிலும்தான். எங்களை விரட்டிய வளர்ச்சியின் மேலேயே ஏறித்தான் பிழைப்புக்குப் போக வேண்டியிருக்கிறது. ஆகவே நான் இந்த ரயிலுக்கு எதிரி அல்ல. இது இன்னும் நிறைய ஓட வேண்டும், இன்னும் தூரம் ஓட வேண்டும் என்பவன்.

அதனால்தான் இப்போது எழுதுகிறேன். பறக்கும் ரயிலைச் சென்னை மெட்ரோவோடு இணைக்கும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. 2025இல் ரயில்வே வாரியம் கொள்கை அளவில் ஒப்புதலும் தந்தது. நிலையங்கள் சுத்தமாகும், இருட்டு போகும், நகரும் படிக்கட்டு ஓடும் என்கிறார்கள். வரட்டும். இருட்டிய பிறகு அந்த நிலையங்களில் தனியாக இறங்கும் பெண்களுக்கு அது மிகவும் தேவை. ஆனால் இந்த ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். மெட்ரோவில் 10 ரூபாய், தூரத்துக்கேற்ப 50 ரூபாய் வரை போகிறது. நான்கு வீட்டில் வேலை செய்து, மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் பெண்ணுக்கு இது சில்லறை விஷயம் அல்ல. இடித்து வெளியேற்ற முடியாதவர்களைக் கட்டணத்தால் வெளியேற்றலாம்.

2021இலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம். பேருந்தில் ஏறும்போது இருக்கும் அந்த உரிமை, வேளச்சேரியில் இறங்கி ரயில் நிலையப் படியேறும்போது ஏன் அறுந்துபோக வேண்டும்?

கேட்பது மூன்று. இணைப்புக்குப் பிறகும் பறக்கும் ரயிலின் கட்டணம் இப்போதுள்ள அளவைத் தாண்டக் கூடாது. பெண்களின் கட்டணமில்லாப் பயணம் இந்த ரயிலுக்கும் வர வேண்டும். பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர் ஆகிய இடங்களிலிருந்து வேளச்சேரி, திருவான்மியூர் நிலையங்களுக்கு விடியற்காலை நாலரை மணியிலிருந்து இணைப்புப் பேருந்துகள் ஓட வேண்டும்.

இவற்றைச் சலுகையாகக் கேட்கவில்லை. கால்வாயை வெட்டியவர்களின் வாரிசுகளாக, அந்தக் கரையை இழந்தவர்களாகக் கேட்கிறோம். இந்த நகரம் எங்களுக்குப் பட்டிருக்கும் கடனில் இது முதல் தவணை.