அம்மாவின் சேமலாப நிதியில் டர்போ வாங்கப் போகிற தம்பிக்கும், அவனை ஏத்தி விடுகிற பெரியவர்களுக்கும்



நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் கடந்து போகலாம். ஆனால் வாசிக்காமல் "விஞ்ஞானம் படிப்பிக்கிற சேர் கராஜ் விசயத்துக்குள்ள ஏன் வாறார்" என்று மட்டும் கேட்க வேண்டாம். வரவேண்டிய காரணம் இருக்கிறது.

போன கிழமை என்னிடம் படித்த ஒரு தம்பி வீட்டுக்கு வந்தான். ஈபி82 ஸ்டார்லட் வைத்திருக்கிறான், 90களில் வந்த மூன்று கதவு கார். எஞ்சின் புகைக்கிறதாம், மாற்ற வேண்டுமாம். 4ஈ-எப்டிஈ டர்போ எஞ்சின் ஒன்று பார்த்து வைத்திருக்கிறானாம். காசு எங்கே என்று கேட்டேன். தலையைக் குனிந்து கொண்டு சொன்னான்: "அம்மாட ஈபிஎப் வந்திருக்கு சேர்."

அந்த அம்மாவை எனக்குத் தெரியும். முப்பது வருசத்துக்கு மேல் மலையில் கொழுந்து பறித்தவர். 2025 இல் கூட அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாகத் தான் இருந்தது. அவர் வேலைக்குப் போன காலத்தில் என்ன கிடைத்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். எஞ்சினின் விலையை இங்கே எழுதவில்லை. எழுதினால் சிலருக்கு ஆசை கூடும், சிலருக்கு வியாபாரம் கூடும்.

முதலில் ஒன்று. "அந்தப் பழைய தகரத்தை வித்துப்போட்டு ஒரு வேகன் ஆர் எடு" என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தது உண்மை. வரியைக் கட்டி வாங்க நம்மில் எத்தனை பேருக்கு முடியும்? பழைய காரைப் பேணி ஓட்டுவது கௌரவமான வேலை. நானும் ஈபி82 தான் ஓட்டுகிறேன். எனக்கும் ஒரு காலத்தில் டர்போ ஆசை இருந்தது, மறைக்க மாட்டேன்.

என் சண்டை எஞ்சின் மாற்றுவதோடு இல்லை. எந்த எஞ்சின் என்பதை யூடியூப்பும் கராஜ் வாசலில் நிற்கிற நாலு பேரும் தீர்மானிப்பதோடு தான்.

தம்பியிடம் கேட்டேன், எப்போது புகைக்கிறது? வலப்பனைப் பக்கம் இறக்கம் முடிந்து திரும்ப எக்ஸலேட்டரை மிதிக்கும்போது நீலமாக ஒரு கொத்து வருகிறதாம், பிறகு நின்று விடுகிறதாம். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போதும் அப்படித்தானாம். பிள்ளைகளே, அது பெரும்பாலும் வால்வு சீல். இறக்கத்தில் திரொட்டல் மூடியிருக்கும்போது உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு, தேய்ந்த சீல் வழியாக ஒயில் இழுபடும். மிதித்தவுடன் எரிந்து புகையாகும். பிஸ்டன் ரிங் போயிருந்தால் ஏற்றத்தில், பாரம் இழுக்கும்போது விடாமல் புகைக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்க ஒரு கம்ப்ரஷன் கேஜும் அரை மணித்தியாலமும் போதும். நாலு சிலிண்டரிலும் அளந்து பார்த்தாயா என்று கேட்டேன். யாரும் அளக்கவில்லை! அளக்காமலே "எஞ்சின் முடிஞ்சு" என்று தீர்ப்பு. மரணச் சான்றிதழ் எழுத முன் வைத்தியர் நாடி பார்க்க வேண்டாமா?

சரி, உண்மையிலேயே முடிந்திருக்கட்டும். தம்பியின் வாதம் இது: "மேல காத்து கொறவு தானே சேர். டர்போ இல்லாம ஒண்ணும் ஏறாது."

இதில் பாதி சரி. நான் வகுப்பில் படிப்பித்தது தான், சந்தோசம். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80 வீதம். ஆகவே கொழும்பில் 100 குதிரை வலு தருகிற சாதாரண எஞ்சின் இங்கே 80 அளவில் தான் நிற்கும். டர்போ இந்த நட்டத்தைக் குறைக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

மற்றப் பாதியை யாரும் சொல்வதில்லை. கம்பனி பூஸ்ட் அளவு வெளிக் காற்றழுத்தத்துக்கு மேலே கணக்கிடப்படுவது. வெளி அழுத்தம் குறைந்தால் மொத்தமும் குறையும். அதனால் தான் இங்கே டர்போ போட்டவன் ஒரு மாதத்தில் "இழுவை காணாது, பூஸ்ட்டைக் கூட்டு" என்று வருகிறான். கூட்டினால் டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், காற்று இன்னும் சூடாகும், 92 ஒக்டேன் பெற்றோலில் எஞ்சின் தட்டத் தொடங்கும். பிஸ்டன் உடைகிற சத்தத்தை ஒரு முறை கேட்டவன் மறக்க மாட்டான். அதோடு அந்த எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் 8.2 தான்; சாதாரண 4ஈ-எப்ஈயில் 9.6. பூஸ்ட் வருமுன் அது உன் பழைய எஞ்சினை விடச் சோம்பேறி. பூஸ்ட் வந்து சேரும்போது நீ கொண்டை ஊசி வளைவின் நடுவில், ஈர ரோட்டில், முன் சில்லை மடித்தபடி இருப்பாய்.

இன்னொரு விசயம். 135 குதிரை வலு என்று ஸ்டேட்டஸ் போடுகிறார்களே, டொயோட்டா அந்த எஞ்சினைத் தனியாகக் கொடுக்கவில்லை. வேறு கியர்பொக்ஸ், வேறு கம்பியூட்டர், இன்டர்கூலர், பெரிய பிரேக் எல்லாவற்றோடும் சேர்த்துத் தான் கொடுத்தது. நம்ம ஆள் எஞ்சினை மட்டும் வாங்கி, வயரிங்கைக் கறுப்பு டேப்பால் சுற்றி, பழைய கியர்பொக்ஸில் கட்டி, பழைய பிரேக்கோடு ரோட்டில் விடுகிறான். கடைசியாக இந்த எஞ்சின் வந்த கிளான்சா 1999 ஓடு முடிந்தது. ஆக மிக இளசான எஞ்சினுக்கே 25 வயது தாண்டி விட்டது. "ஜப்பானில் கொஞ்சம் தான் ஓடினது" என்கிற கதையை யார் நம்புவது?

நான் நம்பினேன். கொழும்பில் ஒரு கடையில், வெள்ளிப் பெயின்ட் பூசி மினுங்கிக் கொண்டிருந்த 4ஈ-எப்ஈ ஒன்றை வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டு வந்து ஒயில் மூடியைத் திறந்தால் உள்ளே கிரீஸ் மாதிரிக் கறுப்புச் சேறு. திருப்பிக் கொடுக்கப் போனேன். "எலக்ட்ரிக் சாமானும் எஞ்சினும் திருப்பி எடுக்கிறதில்ல ஹாஜியார்" என்றார்கள். நான் இன்னும் ஹஜ்ஜுக்கே போகவில்லை. அந்தக் கடை நம்மவருடையது என்பதால் இதைச் சொல்கிறேன்: குறையை மறைத்து விற்ற காசு ஹலால் இல்லை என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பெயின்ட் பூசுவது மறைப்பது இல்லையா?

சிவிக் வைத்திருக்கிற தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. பி16ஏ நல்ல எஞ்சின், மறுக்கவில்லை. 160 குதிரை வலு, ஆனால் 7600 ரெவ்வில். விடெக் மாறுவதே 5500 பக்கம். ராகலையிலிருந்து கந்தப்பளைக்குப் போகிற வழியில், கொழுந்து லொறிக்குப் பின்னால், எந்த இடத்தில் 7600 வரும்? நாம் ஓட்டுவது 2000க்கும் 4000க்கும் இடையில். அந்த இடத்தில் இழுக்கிற எஞ்சின் தான் மலைக்கு எஞ்சின்.

அப்படியென்றால் எது? ஈபி82க்கு என் பதில்: இருக்கிற 4ஈயைத் திறந்து சரியாகச் செய். அது ஆகாது என்றால் 5ஈ-எப்ஈ. ரௌம், கோர்சா, டேர்சல் கார்களில் வந்தது. அதே குடும்பம், அதே 74 மில்லிமீற்றர் போர். ஸ்ட்ரோக் தான் 77.4 இலிருந்து 87 ஆகிறது, 1331 சீசீ 1497 ஆகிறது. நீண்ட ஸ்ட்ரோக், கீழ் ரெவ்வில் இழுவை. பொடியை வெட்டத் தேவையில்லை, உன் கியர்பொக்ஸே பிடிக்கும், சாமான் தேடி அலையத் தேவையில்லை. ஸ்டேட்டஸ் போட ஒன்றும் இருக்காது, அது ஒன்று தான் குறை.

எந்த எஞ்சினைப் போட்டாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்து. புத்தகத்தில் ஒரு இலக்கம், எஞ்சினில் வேறு இலக்கம் என்று ஓடினால் பொலிஸ் ஒரு பக்கம். விபத்து நடந்த அன்றைக்கு காப்புறுதிக் கம்பனி கையை விரிக்க நீயே காரணம் கொடுத்து வைத்திருக்கிறாய்.

இப்போது பெரியவர்களிடம் வருகிறேன். "இளந்தாரிப் பொடியன்கள் தானே, ஓடட்டும்" என்று சிரிக்கிற வாப்பாமாரே, அப்பாமாரே! பாடசாலை 1.30க்கு விடுகிறது. எங்கள் பிள்ளைகள் நடைபாதை இல்லாத ரோட்டில், மூடுபனிக்குள், மூன்று பேர் கைகோர்த்துக் கொண்டு நடக்கிறார்கள். அந்த நேரம் வாசலில் நிற்பது நான். டம்ப் வால்வு சத்தம் கேட்டால் எனக்குக் கார் ஞாபகம் வருவதில்லை, பிள்ளைகளை எண்ணத் தொடங்குகிறேன்.

40 இல் போகிற காரை நிறுத்த பிரேக் விழுங்குகிற வெப்பம் ஒரு பங்கு என்றால் 60 இல் இரண்டேகால் பங்கு. இறக்கத்தில் இன்னும் கூட. வருசக்கணக்காக மாற்றாத பிரேக் ஒயில் ஈரத்தைக் குடித்திருக்கும், சூட்டில் கொதிக்கும், கால் அடிவரை போகும், கார் நிற்காது. 2023 ஜனவரி 20 இல் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் ஒரு பஸ் நிற்காமல் வந்து 7 உயிர்கள் போனது நமக்குப் பக்கத்தில் தானே. அது பஸ், இது கார் என்று சொல்லலாம். இறக்கம் ஒன்று தான்.

ஓட்டப் போட்டி வேண்டுமா? நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934 இலிருந்து நடந்த இடம். மூடிய ரோடு, ஹெல்மட், காரைப் பரிசோதிக்க ஆட்கள். அங்கே போய் ஓடு, நானும் வந்து கை தட்டுகிறேன். ஆனால் அப்படி ஒழுங்கு செய்த இடத்திலேயே என்ன நடக்கும் என்று 2024 இல் பார்த்தோம். ஏப்ரல் 21, தியத்தலாவ பொக்ஸ் ஹில். ஓடுபாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர்களுக்குள் போனது. 7 பேர். அதில் 8 வயதுப் பிள்ளையும் ஒன்று. ராகலை டவுனில் ஹெல்மட்டும் இல்லை, அம்புலன்ஸும் நிற்காது. பெருநாள் முடிந்த கையோடு ஏப்ரல் சீசன் வருகிறது, அதனால் தான் இன்றைக்கே எழுதுகிறேன்.

கராஜ் பாஸ்மாருக்கு: உங்கள் கை வேலை எனக்குத் தெரியும், மதிக்கிறேன். ஆனால் பிரேக் மாற்றாத காருக்கு டர்போ கட்டித் தர மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் போதும், அடுத்தவரும் சொல்வார். காசு தருகிறான், கட்டிக் கொடுத்தேன் என்பது பதில் இல்லை.

தம்பி, இதை நீ வாசிப்பாய் என்று தெரியும். உன் பெயரைப் போடவில்லை. அம்மாவின் காசை வங்கியை விட்டு எடுக்காதே. சனிக்கிழமை அஸருக்குப் பிறகு காரைக் கொண்டு வா, என்னிடம் கேஜ் இருக்கிறது. நாலு சிலிண்டரையும் அளப்போம். வால்வு சீல் தான் என்றால் ஹெட்டைக் கழற்ற எனக்குத் தெரிந்த பாஸ் ஒருவர் இருக்கிறார், கூலியை நான் பேசித் தருகிறேன். வரும்போது பின் பிரேக் டிரம்மைக் கழற்ற ஒரு ஜக்கும் எடுத்து வா. என்னுடையது ஒயில் ஒழுகுகிறது.