பீரோ செய்த வேலை

திருவள்ளூரில் எங்கள் எதிர்வீட்டு மாமியின் மேஜைக் கம்ப்யூட்டருக்கு வைஃபை கார்டு போட்டார்கள். கூடத்தின் குறுக்கே கிடந்த கம்பி ஒழிந்தது. மாமிக்குப் பரம சந்தோஷம். இரண்டு தடவை அது தடுக்கி விழுந்தவராயிற்றே! ஆனால் சாயங்காலம் பேத்தியின் பாடம் விட்டு விட்டு வந்தது. பழி கார்டின் தலையில்.

போய்ப் பார்த்தேன். குட்டி ஆன்டெனாக்கள் பெட்டியின் முதுகில். முதுகோ இரும்பு பீரோவை ஒட்டி! ரேடியோ அலை இரும்புத் தகட்டைத் துளைக்குமா? பெட்டியை ஒரு முழம் நகர்த்தினோம், சரியாயிற்று. இடமில்லாதவர்கள் ஒயர் வைத்த ஆன்டெனா வாங்கி மேஜைமேல் வைக்கலாம். கார்டைச் செருகுமுன் மின்சார ஒயரைப் பிடுங்கிவிட மறவாதீர்கள்.

ரேடியோவுக்கே தபாலாபீசில் லைசென்ஸ் கட்டிய தலைமுறை மாமி. "இதற்கு எவ்வளவு கட்டணும்?" என்றார். இந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005-லேயே லைசென்ஸை எடுத்துவிட்டார்கள் என்றேன். மாமி நம்பவில்லை.