கவைக்கோலும் நிலத்தடி நீரும்

புதுச்சேரியில் வீடு கட்டப் புகும் பலர், ஆழ்துளைக் கிணறு போடுமுன் நீரோட்டம் பார்ப்பவரை அழைத்து, அவர் பிடித்த வேப்பங்கவை தாழும் இடத்தையே தேர்ந்து கொள்கின்றனர். அங்கே கிடைத்த நீரே அவ்வித்தைக்குச் சாட்சி என்றும், கருவி கொண்டு ஆராய்வது வீண்செலவு என்றும் நிலவும் அபிப்பிராயத்தின் ஆதாரங்களை ஒவ்வொன்றாகப் பரிசீலிப்போம்.

முதலாவது, கோல் காட்டிய இடத்தில் நீர் வந்தது என்பது. இந்நகரத்தின் அடியில் வண்டலும் கடலூர் மணற்கல்லும் நீர் தேக்கி நிற்கின்றன. இங்கே நீர் தானே மேலெழும் ஆர்ட்டீசியக் கிணறுகளைப் பற்றி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் 1880ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். ஏறக்குறைய எங்கே தோண்டினும் நீர் கிடைக்கும் பூமியில், கோல் தாழாத இடத்திலும் தோண்டிப் பார்த்தாலன்றிக் கோலின் மகிமை நிரூபணமாகாது.

இரண்டாவது, கோல் தானாகவே அசைகிறது என்பது. பிடித்தவர் வஞ்சகரல்லர், மனத்தில் எழும் எதிர்பார்ப்பு அவரறியாமலே தசைகளை இயக்கும் என்பதை 1852இல் ஆங்கில உடலியல் அறிஞர் கார்ப்பெண்டர் விளக்கினார். மியூனிக் அருகே 1987-88இல், களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் இடம் மாற்றி வைக்கப்பட்ட நீர்க்குழாயை, மேல்தளத்தில் நின்று நீரோட்டம் பார்ப்போர் 43 பேர் 843 முறை தேடினர். சிலருக்கு நீர் காணும் சக்தி உண்டென்று சோதனை நடத்தியோர் கூறினாலும், அதே கணக்குகளை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் என்ரைட், அவை தற்செயலினின்று வேறுபடவில்லை என்று காட்டினார்.

மூன்றாவது, இது முன்னோர் சாஸ்திரம் என்பது. வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை நீருக்கு அடையாளமாகக் கூறுவன மரங்களும் புற்றுகளும் மண்ணின் நிறமும் போன்றவையேயாம். அவற்றுட் சில இன்று பொய்க்கலாம், எனினும் அவை கண்ணால் கண்டு சோதிக்கத்தக்கவை.

நான்காவது, கருவியும் பொய்க்கிறது என்பது. உண்மையே. நான்கு மின்முனைகளை மண்ணில் ஊன்றி, வெளியிரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, உள்ளிரண்டுக்கிடையே மின்னழுத்த வேறுபாட்டை அளந்து, முனைகளின் இடைவெளியை அகற்றி அகற்றி ஆழத்து அடுக்குகளை ஊகிக்கும் மின்தடை ஆய்வு முறையில், களிமண்ணும் உவர்நீரும் ஒன்றுபோலவே குறைந்த மின்தடை காட்டுவதுண்டு. ஆயினும் அளவீடு ஏட்டில் நிற்பதால், பக்கத்துக் கிணற்றில் துளையிட்டபோது குறித்த மண்ணடுக்குகளோடு ஒப்பிட்டுப் பிழையைத் திருத்த முடிகிறது. கோலின் பிழைக்கோ திருத்தும் வழியே இல்லை.

கடலோரத்தில் அளவு மீறி நீர் இறைத்தால் உப்புநீர் உட்புகும். ஆகவே இந்நகர மக்கள் கேட்க வேண்டியது நீர் உண்டா என்பதன்று. எந்த ஆழத்தில், நன்னீரா உவர்நீரா, எவ்வளவு எடுக்கலாம் என்பதே. அவ்வினாக்களுக்கு அளவீடும் கிணற்றுக் குறிப்புகளும் நீர்ப் பரிசோதனையும் சேர்ந்தே விடை தரும். அவற்றுக்குச் செலவிடும் பணம் வீணன்று.