காற்றடைத்த படகும் கருவேல முள்ளும்

ஆனி மாதச் சாரலில் தென்காசி நனைந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா மகன் வீட்டுக்குள் நுழைந்ததும் செல்போனை நீட்டினான்.

"மாமா, இதைப் பாருங்க. காத்தடிச்சா படகு, காத்தை எடுத்தா பை. கார் டிக்கியிலேயே வச்சிரலாம். சின்ன மோட்டார் ஒண்ணு மாட்டிட்டா, குளத்து நடுவுல போய்த் தூண்டில் போடலாம்."

பக்கத்தில் அவன் மகன். நான்காம் வகுப்பு. "நானும் வருவேன் தாத்தா" என்று குதித்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது.

எனக்கும் தூண்டில் ஆசை உண்டு. ஆனால், படகை செல்போனில் பார்த்து முடிவு செய்யக் கூடாது, குளத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மூன்று பேரும் கரைக்குப் போனோம்.

லாரி டியூபில் மிதந்து வலையை இழுத்துக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவர் கரையேறினார். விஷயத்தைச் சொன்னோம். சிரித்தார். "தண்ணி வத்துனப்போ வந்து பாத்திருக்கணும் தம்பி. உள்ள பூராவும் உடைமரம். முள்ளு ஒண்ணொண்ணும் ஊசி கணக்கா இருக்கும்."

சீமைக்கருவேல முள் டயரையே பதம் பார்க்கும். ரப்பர் படகு எம்மாத்திரம்? அதனால், படகு வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, காற்று எத்தனை அறைகளாகப் பிரிந்திருக்கிறது என்பதைத்தான். குறைந்தது மூன்று தனித்தனி அறைகள் வேண்டும். ஒன்றில் முள் ஏறினாலும் மற்றவை கரை சேர்க்கும். நீச்சல்குளத்தில் விளையாடும் மெல்லிய பிளாஸ்டிக் படகு இதற்கு ஆகாது. நூல் வலை வைத்த, 0.9 மில்லிமீட்டர் அளவு தடிமனுள்ள பி.வி.சி. துணியாக இருக்கட்டும். மோட்டார் மாட்ட, பின்பக்கம் உறுதியான பலகை வேண்டும். தூண்டில்காரர் எழுந்து நிற்பார் என்பதால் தரையும் கெட்டியாக இருக்க வேண்டும்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேருங்கள். காலையில் 25 டிகிரியில் 0.25 பார் அழுத்தத்துக்குக் காற்றடித்த படகில், உள்காற்று 45 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் ஏறக்குறைய 0.33 பாராகிவிடும். மூன்றில் ஒரு பங்கு கூடுதல்! கரையில் வெயிலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், தையலும் ஒட்டும்தான் பாடுபடும். நிழலில் வையுங்கள், இல்லையென்றால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள்.

அடுத்து மோட்டார். 2.5 குதிரைசக்தி பெட்ரோல் மோட்டார் 13 முதல் 18 கிலோ வரை இருக்கும். சத்தமும் அதிகம். மாடு குடிக்கிற, வயலுக்குப் பாய்கிற தண்ணீரில் எண்ணெய் சிந்துவதும் நியாயமில்லை. குளத்துக்கு 12 வோல்ட் மின்மோட்டார் போதும்.

அதன் தள்ளும் விசையை பவுண்டில் சொல்வார்கள். 45 கிலோ எடைக்குக் குறைந்தது 2 பவுண்ட் என்பது பொதுவான கணக்கு. இரண்டு ஆட்கள், படகு, பேட்டரி, சாமான் எல்லாம் சேர்ந்து 220 கிலோ என்றால் 10 பவுண்ட் போதும். ஆனால், அது காற்றில்லாத நாளுக்கு. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கிற காற்று நமக்குத் தெரியாததா? லேசான ரப்பர் படகைக் காகிதம்போலத் தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் 45 பவுண்ட் பார்க்கலாம்.

அது முழு வேகத்தில் 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் செலவழிக்க வேண்டும் என்பதால், ஓட்டம் சுமார் ஒரு மணி நேரமே. அந்த பேட்டரியே 25 கிலோவுக்கு மேல். லித்தியம் என்றால் எடை ஏறக்குறைய பாதி, விலை கூடுதல். அமலைச் செடி விசிறியில் சுற்றிக்கொண்டால் எந்த மோட்டாரும் நின்றுவிடும். எனவே துடுப்பு கட்டாயம்.

"சரி மாமா, குண்டாறு டேம்ல ஓட்டலாமா?" என்றான்.

அணை நீர்வளத் துறையின் பொறுப்பு. கடனா, ராமநதி, அடவிநயினார் எல்லாம் காட்டை ஒட்டியவை. அனுமதியில்லாமல் படகை இறக்கவே கூடாது. ஊர்க் குளத்திலும் மீன்பாசி ஏலம் எடுத்தவரிடம் கேட்காமல் தூண்டில் போட்டால், அது அவர் மீனைத் திருடுவதுதான். மோட்டார் மாட்டினால் இன்னொன்றும் உண்டு. இயந்திரத்தில் ஓடும் படகுகளுக்குப் பதிவு வேண்டும் என்கிறது உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021. பணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

அவன் போட்டுவைத்த பட்டியலை வாங்கிப் பார்த்தேன். படகு, மோட்டார், பேட்டரி, சார்ஜர், தூண்டில், கூலிங் கிளாஸ்கூட இருந்தது. லைஃப் ஜாக்கெட் இல்லை.

"அதை அடுத்த மாசம் பாத்துக்கலாம் மாமா. பட்ஜெட் இடிக்குது."

நான் பதில் சொல்லவில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் வந்ததும், 17 வயதுப் பையன் ஒருவன் போனதும் அவனுக்கும் தெரியும். குளம் அருவியில்லைதான். ஆனால் நம் ஊர்த் தண்ணீர் யாரிடமும் சொல்லிவிட்டு முகம் மாறுவதில்லை. அண்ணாச்சிதான் பேசினார். "பிள்ளையக் கூட்டிட்டுப் போறதுன்னா, மொதல்ல அவனுக்கு வாங்கு தம்பி. எனக்கு டியூப் இருக்கு. அவனுக்கு என்ன இருக்கு?"

அவன் மகனைப் பார்த்தான். பிறகு பட்டியலில் மோட்டாரை அடித்துவிட்டு, மூன்று லைஃப் ஜாக்கெட் என்று எழுதினான். ஒன்று சிறுவர் அளவு, பையனின் எடைக்கு ஏற்றது.

மறுவாரம் ஐந்தருவிச் சாலை வெண்ணமடைக் குளத்துக்குப் போனோம். லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு வாடகைப் படகில் ஏறினோம். அரைமணி நேரத்தில் அவனுக்குத் தோள் வலித்தது. காற்றை எதிர்த்துத் துடுப்புப் போடுவது என்னவென்று புரிந்தது.

"மோட்டார் அடுத்த வருஷம் மாமா" என்றான் மூச்சு வாங்க.

பையனை நீச்சல் வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். அடுத்த சீசனுக்குள் அவன் கற்றுக்கொண்டுவிடுவான். மீன் அதுவரை காத்திருக்கும்.