ஐவிஎஃப் குழந்தை ஆரோக்கியமா இருக்குமா? கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேட்போம்

தி.நகர்ல இருந்து அடையாறு போறதுக்குள்ள எத்தனை கருத்தரிப்பு மைய போர்டுகள்! விளம்பரங்கள் பேசுவது வெற்றி விகிதத்தை. உள்ளே போகும் தம்பதியின் மனசுல ஓடுற கேள்வி வேற: ‘பிறக்குற குழந்தை நல்லா இருக்குமா?’

பெரும்பாலும் நல்லாவே இருக்கும்

1978-ல் பிறந்த உலகின் முதல் ஐவிஎஃப் குழந்தை லூயிஸ் பிரவுன், 2006-ல் இயல்பாகக் கருத்தரித்துத் தாயானார். நுங்கம்பாக்கத்தில் டாக்டர் கமலா செல்வராஜின் ஜி.ஜி. மருத்துவமனையில் 1990-லேயே சோதனைக்குழாய் குழந்தை பிறந்துவிட்டது. இது புதுசும் இல்லை, அதிசயமும் இல்லை.

அப்போ ரிஸ்க்கே இல்லையா?

இருக்கு. 2012-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், பிறவிக் குறைபாடு சிகிச்சை மூலம் பிறந்தவர்களில் 8.3%, மற்றவர்களில் 5.8%. ஆனால் தாயின் வயது போன்றவற்றைக் கணக்கில் எடுத்ததும், வழக்கமான ஐவிஎஃப்-ல் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்தது. விந்தணுவை நேரடியாகக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையில் மட்டும் நீடித்தது. அதற்குக் காரணம் அந்த முறையா, தந்தையின் குறைபாடா என்பதைப் பிரிக்க முடியவில்லை.

உண்மையான சிக்கல்

அது இரட்டைக் கர்ப்பம். இரட்டையரில் பாதிக்கும் மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறக்கிறார்கள். எடைக் குறைவு, மூச்சுத் திணறல், வாரக்கணக்கில் இன்குபேட்டர் எல்லாம் அங்கேதான் தொடங்குது. லட்சக்கணக்கில் கட்டும்போது ‘ஒரே செலவுல ரெண்டு’ என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவின் பில்லை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஸ்வீடன் 2003-ல், பொதுவாக ஒரு கருவை மட்டுமே வைக்கணும் என்று விதி கொண்டுவந்தது. இரட்டைப் பிரசவம் வெகுவாகக் குறைந்தது. குழந்தை கிடைக்கும் வாய்ப்பு பெரிதாகக் குறையவில்லை. மிச்சக் கருவை உறையவைத்து, தேவைப்பட்டால் அடுத்த முறை வைக்கலாமே!

நாம என்ன கேக்கணும்?

‘சக்சஸ் ரேட் எவ்வளவு?’ என்பதோடு நிறுத்த வேண்டாம். எத்தனை கரு வைப்பீங்க? எங்களுக்கு இக்ஸி அவசியமா? உங்ககிட்ட பிறந்த குழந்தைகளில் எத்தனை பேர் ஒற்றையா, மாதம் நிறைஞ்சு பிறந்தாங்க?

2021 சட்டம் மையங்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. அடுத்த படியாக, இந்தக் கடைசிக் கேள்வியின் பதிலை ஒவ்வொரு மையமும் வெளியிட வேண்டும். பாசிட்டிவ் ரிசல்ட் வெற்றியில் பாதிதான். குழந்தை ஆரோக்கியமா வீடு வந்து சேரணும்.