வாங்கும் கையைத் தடுப்போம்

வண்டி நிறுத்திய இடத்திலேயே இருக்கிறது. கண்ணாடி உடையவில்லை, பூட்டும் உடையவில்லை. ஆனால் சாவியைத் திருப்பினால் லாரியைப் போல் உறுமுகிறது. குனிந்து பார்த்தால் அடியில் சைலன்சரைக் காணோம்! 2021-ஆம் ஆண்டையொட்டி மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் மாருதி ஈக்கோ வைத்திருந்த பலர் கண்ட காட்சி இது.

பழைய சைலன்சரில் திருட என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். அதனுடன் இணைந்திருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்தான் திருடனின் குறி. தேன்கூடு போன்ற அதன் உட்பகுதியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கின்றன. எஞ்சின் கக்கும் கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றுவது அந்தப் பூச்சுதான். மும்பை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு இக்கருவி கட்டாயமாயிற்று. ஒரு வண்டியில் இவ்வுலோகங்கள் சில கிராம்தான் இருக்கும். ஆனால் 2021-இல் ரோடியத்தின் விலை தங்கத்தைப் போல் பத்து மடங்குக்கும் மேல் போயிற்று. ஈக்கோவின் அடிப்பகுதியில் கை எளிதாக எட்டும். ஸ்பானர் தெரிந்தவனுக்குச் சில நிமிட வேலை.

ஈக்கோ பணக்காரர் வண்டி அல்ல. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர், கல்யாணச் சமையல் பாத்திரங்களைக் கொண்டு செல்பவர், சிறு வியாபாரி ஆகியோரின் பிழைப்பு அது. புதிய கன்வர்ட்டரின் விலையைக் கேட்டு மலைத்து, வெறும் குழாயை மாட்டிக்கொண்டு ஓட்டத் தோன்றுவது இயல்பே. ஆனால் அப்போது நஷ்டம் வண்டிக்காரரோடு நிற்பதில்லை. மாஹுல் ஆலைகளின் அருகே இருந்து 'கேஸ் சேம்பர்' என்று பெயர் வாங்கிய செம்பூர் வட்டாரத்தில் வாழும் நமக்கு, காற்றின் அருமையைப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை.

தற்காப்பு முதலில் நம் கையில்தான் உள்ளது. வெளிச்சமுள்ள இடத்தில் வண்டியை நிறுத்தலாம். கன்வர்ட்டரைச் சுற்றி இரும்புக் கூண்டு போடலாம். அதன் மேலுறையில் வண்டி எண்ணைப் பொறித்து வைக்கலாம். சர்வீஸுக்கு விட்ட வண்டியைத் திரும்பப் பெறும்போது அடியிலும் ஒருமுறை பார்க்கலாம். திருட்டுப் போனால், 'அலைச்சல் எதற்கு' என்று இருந்துவிடாமல் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்ய வேண்டும். புகார் இல்லாத திருட்டை எந்தப் போலீசும் தேடாது.

ஆயினும் கூண்டும் விளக்கும் பாதி மருந்துதான். இந்தக் கருவியைத் திருடனால் வீட்டில் வைத்து அனுபவிக்க முடியாது, விற்றால்தான் காசு. அமெரிக்காவில் காப்பீட்டுக் கணக்கின்படி 2018-இல் 1,298 ஆக இருந்த இத்திருட்டு, 2020-இல் 14,433 ஆனது. பங்கார் கடையில் ஒருவர் கேள்வி கேட்காமல் வாங்குவதால்தான் இன்னொருவர் அஞ்சாமல் கழற்றுகிறார்.

இங்கிலாந்தில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பழைய உலோகத்துக்கு ரொக்கம் தரக்கூடாது. விற்பவரின் பெயரையும் முகவரியையும் சரிபார்க்க வேண்டும். அப்படியும் 2019-இல் லண்டனில் இத்திருட்டு பெருகியது. சட்டம் இருந்தால் போதாது, கண்காணிப்பும் வேண்டும் என்பதே இதில் நமக்குப் பாடம். நம் நாட்டிலும் திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது குற்றம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவு, அதையே தொழிலாகச் செய்பவருக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க இடம் தருகிறது. கன்வர்ட்டர் வாங்குகிற ஒவ்வொரு கடையும் வண்டி எண்ணையும் விற்பவரின் அடையாளத்தையும் எழுதிவைக்க வேண்டும், ரொக்கம் தரக்கூடாது என்று மாநில அரசு கட்டளையிட வேண்டும் என்பது என் கருத்து.

அணுசக்தி நகரில் வாயிற்காவல் உண்டு, நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. நம் வண்டிகள் இரவும் பகலும் வாயிலுக்குள்ளேயே நிற்பதில்லை. மான்குர்டிலும் தாராவியிலும் தெருவோரத்தில் வண்டி நிறுத்தும் நம்மவருக்கு எந்தக் காவலும் இல்லை. தமிழ்ச் சங்கங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் ஒருவரை அழைத்து, உறுப்பினர் வண்டிகளில் எண் பொறிக்க ஏற்பாடு செய்யலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று ரசீது இல்லாத உதிரிபாகம் எதையும் வாங்குவதில்லை என்று நாமும் உறுதி கொள்ளலாம். வாங்கும் கை நின்றால் திருடும் கை தானே ஓயும்.